என் கட்டிலில் கிளாரிஸ்

அஸ்தம்பட்டி, சேலம்
14 அக்டோபர் 2024

ஜோஸ்லின்,

‘அன்புள்ள’ என்று தொடங்க இன்றைக்கு மனசு வரவில்லை. வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் அடித்தால் கட் செய்கிறாய். அம்மா போனில் கூப்பிட்டால் அவளோடு நன்றாகப் பேசுகிறாய். “அக்காகிட்டக் குடுக்கட்டா கண்ணு” என்று அவள் கேட்டதும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அயர்லாந்தில் அப்படியொரு சிக்னலா? அதனால்தான் இந்த மின்னஞ்சல். இதில் நடுவில் புகுந்து உன்னால் கத்த முடியாது.

சனிக்கிழமை வீடியோவில் நீ பார்த்தது நிஜம். உன் கட்டிலில் படுத்திருந்தவள் கிளாரிஸ். ருவாண்டாப் பெண், எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். ஆயுத பூஜைக்கு விடுதியை மூடிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் எருமப்பட்டிக்கும் ஆத்தூருக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். இவள் எந்த பஸ்ஸில் ஏறுவாள்? என் அறை வாசலில் ‘வெளிநாட்டு மாணவர் உதவிப் பிரிவு’ என்று போர்டு தொங்குகிறதே தவிர, பிரிவு என்பது நான் ஒருத்திதான். போலீஸ் பதிவுக்குக் கூட்டிப் போவதும் நான், மெஸ்ஸில் காரம் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவதும் நான். அம்மாவிடம் சொன்னேன். “பொட்டப்புள்ள அத்தாம்பெரிய ஆஸ்டல்ல ஒண்டியாக் கெடக்குமா? ஊட்டுக்குக் கூட்டியா சாமி” என்றாள். கூட்டி வந்தேன்.

அவள் படிப்பும் தடுமாறுகிறது. கணக்கில் அரியர். சார் பாடத்தை ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிறார், முக்கியமான இடம் வந்ததும் தமிழுக்குத் தாவிவிடுகிறார். வகுப்பே தலையாட்டுகிறது, இவள் மட்டும் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வித்யா என்ற பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, காதில் ஆங்கிலத்தில் சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்த முறையும் அரியர் விழுந்தால் உதவித்தொகை நின்றுவிடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவள் போட்டிருந்த நைட்டியும் உன்னுடையதுதான். நீ வேண்டாமென்று விட்டுப் போனது. அதற்காக, “அதைக் கழட்டச் சொல்லுக்கா” என்று அந்தப் பிள்ளை காதுபடக் கத்துவாயா? அவளுக்குத் தமிழ் தெரியாது, கோபம் தெரியாதா? மறுநாள் காலையில் அந்த நைட்டியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து உன் அலமாரியில் வைத்திருக்கிறாள். எனக்கு மானம் போயிற்று.

பதில் எழுது.

அக்சிலியா

---

கார்க்
16 அக்டோபர் 2024

அக்கா,

முழுதாகப் படித்தேன். குறுக்கே கத்தவில்லை. சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பொறாமைதான். அவள் நைட்டியை இஸ்திரி போட்டு வைத்தாள் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் இன்னும் கூடியது. நான் வீட்டில் இருந்தவரை ஒரு துணி மடித்து வைத்திருப்பேனா? இனிமேல் அம்மா எதையெடுத்தாலும் அவளைச் சொல்லித்தான் என்னைக் குத்திக் காட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீங்கள் மூன்று பேரும் கோழிக்குழம்பு சாப்பிடுகிற படத்தை அம்மா அனுப்பினாள். கால் துண்டு யார் தட்டில் இருந்தது என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கே நான் பிரெட்டில் முட்டையை வைத்துத் தின்கிறேன். அந்த முட்டை பழுப்பு. நாமக்கல் வெள்ளை முட்டைக்காக ஒருநாள் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இந்த வீட்டில் என்னோடு இருப்பது சண்முகப்பிரியா. திருச்செங்கோட்டுப் பெண், என் வகுப்புதான், உணவு அறிவியல். சாயங்காலம் ஆனால் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். பிறகு நானும் மழையும்தான். இங்கேயும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. வாசல் வரை போனேன். உள்ளே போய் என்ன சொல்வது? “எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை, எங்கள் வீட்டில் என் கட்டிலில் யாரோ படுத்திருக்கிறார்கள்” என்றா? திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாவிடம் கேட்டேன், ஏன் இப்படி என்று. “ஊரான் புள்ளய ஊட்டி வளத்தா, தன் புள்ள தானா வளரும் சாமி” என்றாள். தானாக வளர்கிற பிள்ளைக்குத்தான் பசி அதிகம் என்று அவளுக்கு யாராவது சொல்லுங்கள்.

அலமாரியைப் பூட்டி வை. சாவி உன்னிடம் இருக்கட்டும்.

ஜோஸ்

---

அஸ்தம்பட்டி
3 நவம்பர் 2024

ஜோஸ்,

அலமாரியைப் பூட்டிவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, “இதென்ன புதுப் பழக்கம்” என்று கேட்டாள். எலி என்று சொல்லி வைத்தேன்.

நேற்றுக் கல்லறைத் திருநாள். பெனடிக்ட் மாமா படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். நீ பார்ப்பதற்குள் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன், நீ ஏற்கெனவே பார்த்திருப்பாய் என்றும் தெரியும். தீபாவளிக்கு மறுபடியும் விடுதியை மூடியதால் கிளாரிஸ் இங்கேதான் இருந்தாள். தேர்வு நெருங்குகிறது, சமையலறை மேடையிலேயே நோட்டை விரித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கோயிலில் இப்போது எல்லோருக்கும் அவளைத் தெரியும். “ஏனுங்க சகாயம்மா, இது உங்க மூணாவது புள்ளைங்களா?” என்று கேலி செய்கிறார்கள். அம்மாவும் விடுவதில்லை. “ஆமாங்க, கடக்குட்டிங்க” என்கிறாள். அந்த வாய்தான் கடைசியில் வினையாயிற்று.

அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, ஜெபம் சொல்லி முடித்தோம். தலைமாட்டில் முதல் மெழுகுவர்த்தி வீட்டின் கடைசிப் பிள்ளை ஏற்றுவது அல்லவா? நீ இல்லை. அம்மா மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். மாமா விளையாட்டாக, “கடக்குட்டி இங்கதான நிக்குது” என்றார். அம்மா கொடுத்துவிட்டாள். கிளாரிஸ் வாங்கி ஏற்றினாள். ஏற்றிவிட்டு அழுதாள். அவளுக்கும் அப்பா இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நீ கோபப்படுவாய் என்று அம்மாவுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் திட்டாதே, என்னைத் திட்டு.

அக்கா

---

கார்க்
6 நவம்பர் 2024

அக்கா,

அது என் மெழுகுவர்த்தி.

கட்டிலை எடுத்துக்கொள்ளட்டும், நைட்டியை எடுத்துக்கொள்ளட்டும், கோழிக்காலையும் கொடுங்கள். அப்பாவின் தலைமாடு என்னுடைய இடம். இந்த ஒரு வருடம்தான் நான் ஊரில் இல்லை, அதற்குள் ஆள் போட்டுவிட்டீர்கள்.

நானும் அன்றைக்கு இங்கே ஒன்று ஏற்றினேன், தெரியுமா? கடையில் வாங்கி வந்து, ஜன்னல் ஓரம் வைத்து, சேலம் எந்தப் பக்கம் என்று உத்தேசமாகப் பார்த்துக்கொண்டு ஜெபம் சொன்னேன். பாதி ஜெபத்தில் கூரையில் இருக்கிற புகை மணி அலறத் தொடங்கிவிட்டது. வீட்டில் இருந்த எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். சண்முகப்பிரியா நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினாள். வீட்டுக்காரர் வந்து, இனி மெழுகுவர்த்தி ஏற்றினால் காலி செய்ய வேண்டும் என்றார். அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக, கல்லறைத் திருநாள் அன்றைக்கு அவர் பக்கத்தில் இல்லாமல், நான் அந்நியர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதே நேரத்தில் அங்கே அவள் ஏற்றியிருக்கிறாள், எல்லோரும் சுற்றி நின்று கண் கலங்கியிருக்கிறீர்கள்.

மாமா விளையாட்டாகச் சொன்னார், அம்மா யோசிக்காமல் கொடுத்தாள். சரி. நீ எங்கே போனாய்? உன் கை என்ன சும்மாதானே இருந்தது? நான் இல்லாவிட்டால் அடுத்தவள் நீதானே? நீ வாங்கி ஏற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது. ஏன் ஏற்றவில்லை? இதற்கு மட்டும் பதில் சொல்.

ஜோஸ்லின்

---

அஸ்தம்பட்டி
20 நவம்பர் 2024

ஜோஸ்லின்,

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். நன்றாகக் கேட்டுக்கொள்.

நீ பிறப்பதற்கு முன்னால் தாத்தா கல்லறையில் அந்த மெழுகுவர்த்தியை நான் ஏற்றினேன். நான்தான் அப்போது கடைசி. நீ நடக்கத் தொடங்கிய வருடம் அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி உன் கையில் கொடுத்து, உன் கையைப் பிடித்து ஏற்ற வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வேலிப் பக்கம் போய் நின்று அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வருடம் அதைக் கிளாரிஸ் வாங்கியபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. இப்போது ஜோஸுக்கும் தெரியட்டும் என்று இருந்தது. அதனால்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பொறாமையை என்னவோ நீ மட்டும் பட்டா போட்டு வைத்திருப்பதுபோல் எழுதுகிறாய். நீ இழுத்துக்கொண்டு போன நீலப் பெட்டி யாருடையது? நான் எனக்காக ஃபேர்லேண்ட்ஸ் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியது. எனக்கும் அந்த ஊரில் இடம் கிடைத்திருந்தது. அப்பா படுக்கையில் விழுந்தார். யாராவது ஒருத்தி இருக்க வேண்டும், நான் இருந்தேன். அப்பா போன பிறகு, “இனி உனக்குக் கலியாண வயசு, தங்கச்சி போகட்டும்” என்றார்கள். பெட்டி போயிற்று, ஸ்வெட்டர் போயிற்று, நான் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று கை ஆட்டினேன்.

இப்போது என் வேலை என்ன? கடல் தாண்டி வருகிறவர்களுக்கும் தாண்டிப் போகிறவர்களுக்கும் காகிதம் சரிபார்ப்பது. தினமும் பந்தி பரிமாறுகிறேன், என் இலை மட்டும் போடவில்லை. நீ மழையைப் பற்றிப் புலம்பும்போது, அந்த மழையில் ஒருநாள் நனைந்துவிட்டு வந்தால் போதும் என்று இருக்கிறது எனக்கு. உனக்கு அம்மா வேண்டுமா, எடுத்துக்கொள். எனக்கு உன் மழையைக் கொடு.

போதும். இதற்கு மேல் எழுதினால் வாய்க்கு வந்ததை எழுதிவிடுவேன்.

அக்சிலியா

---

கார்க்
8 ஜனவரி 2025

அக்கா,

கிறிஸ்துமஸுக்கும் நான் உன்னிடம் பேசவில்லை, நீயும் என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் நன்றாக இருக்கிறேன் என்றேன். நன்றாக இல்லை. எழுத உன்னை விட்டால் ஆள் இல்லை.

நவம்பரில் ஆய்வகப் பரிசோதனைக்கு ஓர் அறிக்கை கொடுத்தோம். பால் கெடுகிற வேகத்தைப் பற்றி. சண்முகப்பிரியாவுக்கு அந்த வாரம் முழுக்க வேலை, எழுத முடியவில்லை. “ஜோஸு, உன்றதக் கொஞ்சம் குடு, பாத்துட்டுத் தாரேன்” என்றாள். கொடுத்தேன். நம் ஊரில் ரெக்கார்டு நோட்டைக் கேட்டால் கொடுக்காதவள் மனுஷியா? ஒருத்தி எழுதினால் பெஞ்சு முழுக்க எழுதும், நமக்குத் தெரிந்தது அதுதானே. அவள் இரண்டு வரியை முன்பின் மாற்றிவிட்டு அப்படியே கொடுத்துவிட்டாள். இங்கே இதற்கென்று கணினியில் ஒரு கருவி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டது.

இப்போது இரண்டு பேரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கொடுத்தவளுக்கும் அதே குற்றம்தான் என்கிறார்கள். படிப்பிலிருந்தே நீக்கலாம். நீக்கினால் விசா போய்விடும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். என் படிப்புக்காக அடகு வைத்த அம்மா நகையை எல்லாம் எண்ணிப் பார்க்காதே, நான் ஏற்கெனவே எண்ணிவிட்டேன்.

விசாரணைக்கு முன்னால் எழுத்தில் விளக்கம் அனுப்ப வேண்டும். துணைக்கு ஒருவர் வரலாம், வீடியோவிலும் வரலாமாம். அக்கா, நீ எழுதிக் கொடு. நீ வா. கிளாரிஸின் உதவித்தொகைக்காகப் பிரின்சிபால் அறையில் போய் உட்கார்ந்து பேசினாய் என்று அம்மா சொன்னாளே, அப்படி எனக்காகவும் ஒரு தடவை பேசு. அம்மாவிடம் சொல்லாதே.

ஜோஸ்

---

அஸ்தம்பட்டி
10 ஜனவரி 2025

என் கண்ணு ஜோஸ்,

அழாதே. தலைக்கு மேல் வெள்ளம் போகவில்லை, கழுத்து வரைதான் வந்திருக்கிறது. அக்கா இருக்கிறேன்.

இத்தனை நாள் யார் யாருக்கோ செய்ததை என் சொந்தத் தங்கைக்குச் செய்யப் போகிறேன். சொன்னால் நம்பமாட்டாய், நீ மாட்டிக்கொண்டதில் வருத்தம் ஒரு பக்கம் இருக்க, என்னைக் கேட்டாய் என்பதில் எனக்கு அப்படியொரு பெருமை. உன் பல்கலைக்கழகத்தின் விதிகளை இணையத்தில் எடுத்து முழுக்கப் படித்துவிட்டேன். தெரிந்தே கொடுத்தால்தான் குற்றம். உனக்குத் தெரியாமல் ஒருத்தி எடுத்திருந்தால் நீ பாதிக்கப்பட்டவள், தண்டனை கிடையாது.

அதனால் விளக்கத்தை அப்படி எழுதி இணைத்திருக்கிறேன். நீ கணினியைத் திறந்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாய், அந்த நேரத்தில் அவள் எடுத்துவிட்டாள், உனக்கு விஷயமே விசாரணைக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். மனப்பாடம் செய்துகொள். கேட்டால் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதே. சண்முகப்பிரியாவைப் பற்றி யோசிக்காதே, அவளுக்கு அவள் வீட்டார் இருக்கிறார்கள். எரிகிற வீட்டில் முதலில் நம் பிள்ளையைத்தான் தூக்க வேண்டும்.

அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். வீடியோ இணைப்பை எனக்கு அனுப்பு. மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அக்கா

---

அஸ்தம்பட்டி
23 ஜனவரி 2025

ஜோஸ்லின்,

நேற்று நான் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வரும்போது கட்டுகிற கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் துணி காயப்போட்டது தெரியக் கூடாது என்று கொடியை அவிழ்த்துவிட்டேன். அம்மாவிடம் வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன். அவள் படத்தில் விழாத தூரத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். பொங்கலுக்கு வந்து இன்னும் விடுதிக்குப் போகாத கிளாரிஸ் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டாள். இணைப்பு வரவில்லை. உனக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. கரண்ட் போய்விடுமோ என்று ஒரு பயம், உனக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு பயம்.

கடைசியில் அம்மாவுக்குத்தான் செய்தி வருகிறது. முடிந்துவிட்டதாம். நுவாலா கூட இருந்தாளாம், கவலைப்பட வேண்டாமாம்.

யார் இந்த நுவாலா? எத்தனை நாளாகத் தெரியும் அவளை? அப்பாவைத் தெரியுமா அவளுக்கு? உனக்குப் பயம் வந்தால் வயிறு கலக்கும் என்று தெரியுமா? நான் விதி விதியாகப் படித்துத் தயார் செய்து குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், நீ யாரோ ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாய். வேலைக்காரிக்குக்கூட வர வேண்டாம் என்று முன்னாடியே சொல்லி அனுப்புவார்கள்.

அம்மா என்னிடம், “எரியுதா சாமி?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

அக்சிலியா

---

கார்க்
31 ஜனவரி 2025

அக்கா,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீக்கவில்லை. அந்த அறிக்கைக்குப் பூஜ்யம். புதிதாக இன்னொன்று எழுதித் தர வேண்டும், எவ்வளவு நன்றாக எழுதினாலும் பாஸ் மார்க்குக்கு மேல் தரமாட்டார்கள். எச்சரிக்கை ஒன்று பதிவில் இருக்கும். சண்முகப்பிரியாவுக்கும் அதேதான். இருவரும் இங்கேதான் இருக்கிறோம்.

இனி நீ திட்டலாம். ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

நீ எழுதி அனுப்பியதை நான் மனப்பாடம் செய்தேன். நிஜமாகவே செய்தேன். நான் அறையில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சண்முகப்பிரியா கதவைத் தட்டி, “ரெண்டு நாளாச் சாப்புடல நீ, ரசம் வெச்சிருக்கேன், வா” என்றாள். அவள் திருடினாள் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால் அந்த ரசத்தைக் குடித்தேன்.

மறுநாள் அந்த வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனேன். இந்த முறை உள்ளே போனேன். நுவாலா என்று ஒரு பெண்மணி, நம் அம்மா வயசு இருக்கும். விளக்கத்தை அனுப்புவதற்கு முன்னால் காட்டலாமே என்று நீ எழுதியதைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “ரொம்ப நன்றாக இருக்கிறது. இது யாருடைய இங்கிலீஷ்?” என்றாள். எங்கள் அக்காவுடையது என்றேன். பேப்பரைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று உன் வாயால் சொல் என்றாள். சொன்னேன். ரெக்கார்டு நோட்டு, பெஞ்சு, எல்லாம். அதையே நான் எழுதினேன். தப்பும் தவறுமாகத்தான் எழுதினேன். விசாரணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசினேன். நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன்.

உன்னை ஏன் கூப்பிடவில்லை தெரியுமா? நீ திரையில் தெரிந்திருந்தால் நான் உன் பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன். கிளாரிஸ் இப்படி மாட்டியிருந்தால் அவளுக்கும் பொய் எழுதிக் கொடுத்திருப்பாயா? மாட்டாய். உண்மையைச் சொல், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றிருப்பாய். அதை நினைத்தபோதுதான் அக்கா, கட்டிலுக்கும் மெழுகுவர்த்திக்கும் சேர்த்து வராத பொறாமை வந்தது. அவளுக்கு நல்ல அக்காவைக் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் ஏன் இந்த அக்காவைக் கொடுக்கிறாய்?

ஜோஸ்

---

அஸ்தம்பட்டி
22 பிப்ரவரி 2025

என் ஜோஸுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும். மூன்று தடவை எழுதி அழித்தேன்.

நீ கேட்டது சரி. கிளாரிஸுக்கு நான் பொய் எழுதியிருக்க மாட்டேன். அவள் தோற்றால் எனக்கு வருத்தமாக இருக்கும், மூன்று நாள் சோறு இறங்காது, பிறகு அடுத்த பிள்ளையின் காகிதத்தைப் பார்க்கப் போய்விடுவேன். நீ தோற்கிறாய் என்றதும் எனக்குப் புத்தியே வேலை செய்யவில்லை. நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவள் நான், நம் வீட்டுப் பிள்ளை என்று வந்ததும் திருட்டுப் பட்டத்தை இன்னொரு தாய் பெற்ற பெண் தலையில் கட்டப் பார்த்தேன். சண்முகப்பிரியாவிடம் இதை நீ சொல்ல வேண்டாம். அவள் ரசத்துக்கு மட்டும் என் நன்றியைச் சொல்.

நுவாலாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இன்னும் மனசு வரவில்லை. அவள் செய்தது அத்தனையும் நான் தினமும் செய்கிற வேலைதான், ஒன்று விடாமல். என் நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்து என் தங்கையைக் கரை சேர்த்துவிட்டாள். அதற்கு நான் கோயிலில் நேர்ச்சை செலுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? உன் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் தேடி அவள் படத்தை எடுத்துப் பார்த்து, மூக்கு பெரிசு என்று அம்மாவிடம் சொன்னேன்.

அந்த எரிச்சலோடு இருந்த ஒருநாள்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கிளாரிஸிடம் கேட்டேன், உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று. ஒன்றரை வருடமாக அவளுடைய பாஸ்போர்ட் எண் எனக்கு மனப்பாடம். இதைக் கேட்டதே இல்லை. அவளுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். பெயர் இம்மாக்குலே. நம் ஊரில் இருந்தால் அமலோற்பவம். பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறாளாம். அம்மா அப்பா இருவரும் இல்லாமல், இவளை வளர்த்தது அவள்தான். இருவரும் பேசி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. ஏன் என்று கேட்டேன். முதலில் சொல்லமாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள். கல்லறைத் திருநாள் படத்தை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள். “இங்கே எனக்கு ஒரு அம்மாவும் அக்காவும் கிடைத்துவிட்டார்கள்” என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாள். அதோடு அந்தப் பக்கம் பதில் நின்றுவிட்டது.

எனக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று முன்தினம் தேர்வு முடிவு வந்தது. கிளாரிஸ் கணக்கில் பாஸ். அரியர் இல்லை, உதவித்தொகை நிற்காது. வித்யாதான் முதலில் போனில் பார்த்திருக்கிறாள். இருவரும் மாடிப்படியில் ஓடி வந்தார்கள். கிளாரிஸ் என் மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொள்ளப் போனாள். உடனே நம் அம்மாவிடம் சொல்ல வேண்டும், போன் போட்டுக் கொடுங்கள் என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன் ஜோஸ், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இந்த வேலையே பார்க்கிறேன்.

கையை விலக்கிவிட்டேன். “முதலில் உன் அக்காவுக்குப் பண்ணு” என்றேன். எடுக்கமாட்டாள் என்றாள். எடுக்கிற வரைக்கும் அடி என்று சொல்லி, வித்யாவையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வராந்தாவில் நின்றேன். உள்ளே ஸ்பீக்கரில் மணி அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. பிறகு கிளாரிஸ் ஏதோ மெதுவாகச் சொன்னாள். பிறகு ஓர் அழுகை, போனிலிருந்து, என் வயசுப் பெண்ணின் அழுகை. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள், சிரித்தார்கள், மறுபடி பேசினார்கள். அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. கடைசி வரைக்கும் என் பெயர் அதில் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை.

அக்கா